இ.எஸ்.ஐ.யா, பாலிசியா, சொந்தக் கையிருப்பா? பெங்களூருப் பட்டறைக்காரர்களுக்காக ஓர் ஒப்பீடு

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் தகடு வெட்டி வளைக்கும் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவரின் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிப்பது பற்றிப் பேச வந்தவர், "ஆறு வருசமா வருசத்துக்கு முப்பதாயிரம் கட்டுறேண்ணே, ஒரு ரூபாகூடத் திரும்பி வரல. அந்தப் பணத்தை நானே பேங்க்ல போட்டு வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, தகட்டை அழுத்தி வெட்டும் பழைய பவர் பிரஸ் ஒன்றோடு தொடங்கி, இன்று எட்டுப் பேருக்கு வேலை கொடுப்பவர் அவர். இரண்டாவது ஷிப்ட் தொடங்கினால் ஆட்கள் பதின்மூன்று பேராவார்கள். இத்தகைய பட்டறைகளுக்குத் தொழிலாளர் சட்டப் பதிவுகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அவருடைய கேள்வி பொம்மசந்திராவிலும் ராஜாஜிநகரிலும் உள்ள பலருக்கும் இருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு வேலையளிப்பவரே பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விதித்தது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டம், அதன் வரம்புக்குள் வரும் தொழிலாளர்களைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பை ஓர் அரசுக் கழகத்தின் தோளுக்கு மாற்றியது. இந்த இரண்டும் 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. ஆயினும் இழப்பீட்டைக் கணக்கிடும் அடிப்படை மாறவில்லை. பழைய விதிகளும் அறிவிக்கைகளும் தொகுப்புக்கு முரண்படாத அளவில் அந்த நாளிலிருந்து ஓராண்டு காலம் தொடரும் என்பது ஏற்பாடு. நான் இங்கே தரும் தொகைகளும் அந்த அறிவிக்கைகளின்படி அமைந்தவையே.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருக்கும் வேலையளிப்பவரைப் பார்த்து இந்தச் சட்டம் "காப்பீடு எடு" என்று கட்டளையிடவில்லை. "இழப்பீடு கொடு" என்று மட்டுமே சொல்கிறது. பாலிசி எடுப்பது அவர் விருப்பம் என்றாகிவிட்டதால்தான், பாலிசி எடுக்காமல் இருப்பதையே பலர் 'சுயகாப்பீடு' என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. சுயகாப்பீடு என்பது பணம், பிணையம், மேற்பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. பாலிசி இல்லாமை என்பது வெறும் வெற்றிடம்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வேலையளிப்பவர் சுயகாப்பீடு செய்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அது அரசு அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய காரியம். நிறுவனம் தன் நிதிநிலையைக் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். எதிர்காலத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் இழப்பீடுகளுக்கு ஈடாகப் பிணையம் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். தாங்க முடியாத பெருந்தொகைக்கு மட்டும் மேலடுக்குக் காப்பீடு வாங்குவதும் அங்கே வழக்கம். கலிபோர்னியாவில் இதற்கெனத் தனி அரசு அலுவலகமே உண்டு. சுயகாப்பீடு செய்த நிறுவனம் நொடித்துப்போனால் அதன் தொழிலாளர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக 1984இல் சட்டத்தின் வழியே ஒரு பாதுகாப்பு நிதியையும் ஏற்படுத்தினார்கள். முதலாளி திவாலாகும் நாளிலும் கை இழந்த தொழிலாளிக்குப் பணம் வர வேண்டும் என்பதே இத்தனை ஏற்பாடுகளுக்கும் காரணம்.

நம் நாட்டுச் சட்டங்களிலும் 'சொந்த நிதி' என்ற வழி சில இடங்களில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு, தனி நிதி ஒன்றை ஏற்படுத்திப் பராமரித்தால் பேருந்துகளுக்குக் காப்பீடு எடுப்பதிலிருந்து விலக்குத் தர இடமளிக்கிறது. கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் வந்த கட்டாயப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) காப்பீட்டு விதிகள், வேலையளிப்பவர்கள் பணிக்கொடைப் பொறுப்புக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றன. 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட பணிக்கொடை நிதி வைத்திருந்தால் அதையே தொடரலாம் என்றன. இ.எஸ்.ஐ. சட்டத்திலும், தொழிலாளர்களுக்கு அதற்கு நிகரான அல்லது அதைவிட மேலான நலன்களைத் தாமே தரும் நிறுவனங்களுக்கு அரசு ஓராண்டு விலக்கு அளித்துப் புதுப்பிக்கும் முறை இருந்தது. இவற்றில் எதுவும் எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறைக்காக எழுதப்பட்டதில்லை. எல்லாவற்றிலும் அரசின் கண் ஒன்று அந்த நிதியின்மேல் இருக்கிறது.

சட்டம் அனுமதித்த சொந்த நிதியிலும் பணம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விபத்து இழப்பீடு கொடுக்காததால் அரசுப் பேருந்து ஜப்தி என்ற செய்தியை நம் நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! பயணிகளை இறக்கிவிட்டு, நீதிமன்ற ஊழியர்கள் பேருந்தை ஓட்டிச் செல்லும் படம் நமக்குப் பழகிப்போன ஒன்று. அரசின் ஆதரவுள்ள கழகத்துக்கே இந்த நிலை வரும் என்றால், வாடகைக் கட்டடத்தில் கடனில் வாங்கிய இயந்திரத்தோடு நடக்கும் பட்டறையில் நீதிமன்றம் எதை ஜப்தி செய்து அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கும்?

இனி நண்பரின் கணக்குக்கு வருகிறேன். ஆண்டுக்கு முப்பதாயிரம் வீதம் ஆறு ஆண்டில் அவர் கட்டியது 1,80,000 ரூபாய். ஏழு விழுக்காடு வட்டியில் வைப்பாகப் போட்டிருந்தால் அது ஏறத்தாழ 2,15,000 ரூபாயாகியிருக்கும். இதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். தொழிலாளி இறந்தால், மாத ஊதியத்தில் பாதியை அவர் வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும்; நிரந்தரமாக முழுவதும் முடங்கினால் ஊதியத்தில் 60 விழுக்காட்டைப் பெருக்க வேண்டும். ஊதியம் எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரி அறிவிக்கைப்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பது வயதுக்குரிய காரணி 207.98. ஆகவே முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்தால் இழப்பீடு 15,59,850 ரூபாய். முழுமையாக முடங்கினால் 18,71,820 ரூபாய். பவர் பிரஸ் பட்டறையில் அதிகம் அஞ்ச வேண்டியது விரல்களைப் பற்றித்தான். கட்டைவிரல் போனால் சட்டத்தின் அட்டவணை அதை 30 விழுக்காட்டு இழப்பு என்கிறது; அதே வயதுக்காரருக்கு அது 5,61,546 ரூபாய். மருத்துவச் செலவு இதில் சேராது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதையும் உண்மைச் செலவின்படி வேலையளிப்பவரே ஏற்க வேண்டும்.

ஆறு ஆண்டு சேமிப்பு, வட்டியோடு சேர்த்தும், ஒரு கட்டைவிரலுக்கு வேண்டியதில் பாதியை எட்டவில்லை. ஒரு மரணத்துக்கு வேண்டிய தொகையைச் சேர்க்க இதே வேகத்தில் இருபத்திரண்டு ஆண்டுக்கு மேலாகும், அதுவும் இடையில் சிறு விபத்துகூட நேராமல் இருந்தால். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலையில், ஆண்டுக்கு எத்தனை விபத்து நேரும் என்று ஓரளவு கணிக்கலாம். அதற்கேற்ற நிதியும் வைக்கலாம். எட்டுப் பேருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. இருபது ஆண்டு ஒன்றும் நடக்காமல் இருக்கலாம், நாளை காலை முதல் ஷிப்டிலேயே நடக்கலாம். வருமான வரியும் இந்த வழிக்குத் துணை நிற்பதில்லை. பிரீமியத்தைத் தொழிற்செலவாகக் காட்டலாம். நேராத விபத்துக்காக ஒதுக்கிவைத்த பணத்தைச் செலவாகக் காட்ட முடியாது, அதன் வட்டிக்கும் வரி உண்டு.

அட்டவணையின் விழுக்காடே இறுதி என்றும் நம்பிவிடக் கூடாது. திரையரங்கில் அலங்கார வேலைக்குப் போன தச்சர் ஒருவர் விழுந்து இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த வழக்கில், ஒரு கையோடு தச்சுவேலை செய்யவே முடியாது என்பதால் அதை முழு முடக்கமாகக் கருதியது சரியே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதன் விளைவு பெரியது. 1923ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியையும், நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதிவரை அபராதத்தையும் வைத்திருந்தது. முன்சொன்ன மரண வழக்கு நான்கு ஆண்டு இழுத்தால் வட்டி மட்டும் ஏறத்தாழ ஏழரை லட்சம். அபராதமும் முழு அளவில் விழுந்தால் மொத்தம் முப்பது லட்சத்தைத் தாண்டும். தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர், இந்த நிலையில் தொகையைக் குறைத்துப் பேசி முடிக்கவே முயல்வார். அப்படி முடிந்த பேரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு உடலை அனுப்பும் அவசரத்தில், ஒன்றோ இரண்டோ லட்சம் கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் 'இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்' என்று மனைவியிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடம் வைப்புச் செய்தால்தான் கொடுத்ததாகக் கருதப்படும். உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. கொடுத்தவருக்கும் அது பாதுகாப்பில்லை, வாங்கிய பெண்ணுக்கும் அது நீதியில்லை.

பாலிசி இந்தப் பாரத்தின் பெரும்பகுதியை இறக்கிவைக்கிறது, முழுவதையும் இல்லை. பிரீமியம் ஆண்டு மொத்த ஊதியத்தையும் வேலையின் தன்மையையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், பிரீமியத்தைக் குறைக்கும் ஆசையில் ஊதியத்தையோ ஆட்களின் எண்ணிக்கையையோ குறைத்துச் சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. விபத்துக்குப் பின் வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. மருத்துவச் செலவு, தொழில்சார் நோய், ஒப்பந்தக்காரர் வழியே வரும் ஆட்கள் ஆகியவற்றைப் பல பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். வட்டியைப் பொறுத்தவரை, வாகனம் சாராத இழப்பீட்டுப் பாலிசியில் அதைக் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; அபராதம் வேலையளிப்பவரின் தலையில்தான் என்று 1997லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே பாலிசி இருக்கிறதென்று கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பது போதாது. தம் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்காவது தொகையை உடனே வைப்புச் செய்துவிட வேண்டும். நிறுவனம் தருவதைப் பிறகு வரவு வைத்துக்கொள்ளலாம். குழு விபத்துப் பாலிசி ஒன்று எடுத்துவிட்டு இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று இருப்பவர்களும் உண்டு. அது குறித்த தொகையைத் தரும் தனி ஒப்பந்தம். சட்டப்படியான இழப்பீட்டுப் பொறுப்பு அதனால் தீர்வதில்லை.

இ.எஸ்.ஐ.யைப் பற்றி நம்மவர்களிடம் நல்ல பெயர் இல்லை. ராஜாஜிநகர் மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தையும், மருந்தகத்தின் வரிசையையும் சொல்லித் தொழிலாளர்களே அலுத்துக்கொள்வார்கள். அந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் விபத்துப் பாதுகாப்பு என்ற அளவில் மற்ற இரண்டு வழிகளும் அதன் அருகில் வருவதில்லை என்பதை எண்களே சொல்லும். மாதம் 18,000 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கு வேலையளிப்பவர் கட்டுவது 3.25 விழுக்காடு, அதாவது 585 ரூபாய். தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, 135 ரூபாய். கை முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தால், இழப்பீட்டுச் சட்டப்படி அவருக்குக் கிடைப்பது உச்சவரம்பு ஊதியத்தில் பாதி, மாதம் 7,500 ரூபாய், இ.எஸ்.ஐ.யில் ஊதியத்தின் 90 விழுக்காடு, ஏறத்தாழ 16,200 ரூபாய். இறந்தால் ஒரே தொகைக்குப் பதிலாக, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் வருமானம். ஒரே தவணையில் வரும் பதினைந்து லட்சம் எந்தக் கடனுக்கு, எந்த உறவினரின் கைக்குப் போகும் என்பதைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த மாதவருமானத்தின் அருமை எனக்குத் தெரியும். இவற்றோடு குடும்பம் முழுவதற்கும் மருத்துவமும் உண்டு. விபத்து நலன்களுக்கு இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

பத்துப் பேர் ஆன நாளில் இ.எஸ்.ஐ. விருப்பமாக இருப்பதில்லை, கடமையாகிவிடுகிறது. ஒப்பந்தத்தில் வரும் ஆட்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால் ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. புதிய தொகுப்பு, பத்துக்குக் குறைவானோர் உள்ள இடத்திலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் சேரலாம் என்கிறது. பங்களிப்பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் பெயர் சேர்க்கும் தந்திரம் வேண்டாம். பதிவு செய்யாமல் விட்டவரிடமிருந்து, தொழிலாளிக்குக் கொடுத்த நலன்களின் மதிப்பைக் கழகம் வசூலிக்க வழி இருக்கிறது.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிடுவதிலும் ஓர் ஓட்டை உண்டு. நான் பார்த்த பட்டறைகளில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். 2017 ஜனவரி முதல் இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு 21,000 ரூபாய். பெங்களூரில் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தின் நல்ல ஆப்பரேட்டரும், பிரஸ்ஸுக்கு டை (அச்சு) மாட்டும் செட்டரும், மேற்பார்வையாளரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். ஊதிய உயர்வு கொடுத்த உடனே அவர் வெளியேறுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை உள்ளேயே இருக்கிறார். அக்டோபர் 1 அன்றோ ஏப்ரல் 1 அன்றோ வெளியே வருகிறார். அன்று முதல் அவருக்கு இழப்பீட்டுப் பாலிசியும் இல்லையென்றால், இயந்திரத்துக்கு மிக அருகில் நின்று வேலை செய்யும் மனிதர்தான் பட்டறையில் எந்தப் பாதுகாப்பும் இல்லாதவராகிறார். இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று ஊதியப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்கிறேன்.

போக்குவரத்து விபத்தும் இப்போது கணக்கில் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் வந்துபோகும் நம் ஆட்கள் எத்தனையோ பேர். இ.எஸ்.ஐ.யில் 2010 முதலே, வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலை விபத்தாகக் கருதப்படுகிறது. இரவுப் பணிக்குப் போகும் வழியில் 2003இல் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே பொருளைக் கொள்ள வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. புதிய தொகுப்பும் இதைச் சொல்லிவிட்டது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் ஓசூர் சாலையில் வீடு திரும்புகிறவரின் ஆபத்தையும் சொந்தக் கையிருப்பில் தாங்க முடியுமா என்று, 'நாமே பார்த்துக்கொள்வோம்' என்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சில கடமைகள் விலகுவதில்லை. மரணமும் கடுமையான காயமும் நேர்ந்தால் ஏழு நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது, இ.எஸ்.ஐ.யில் விபத்தை உடனடியாக இணையத்தில் பதிய வேண்டும். மேஸ்திரி கொண்டுவந்த ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு. கொடுத்ததை மேஸ்திரியிடம் திரும்பக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்றாலும், அது காகிதத்தில் எழுதுவதற்கு மட்டுமே எளிது. இழப்பீட்டு உரிமையை வேலையில் சேரும்போதே தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி ஆகியவற்றில் தொழிலாளிக்குப் புரியும் ஒன்றில் தர வேண்டும் என்பது அதன் வாசகம். திருவண்ணாமலையிலிருந்து வந்த லோடுமேனுக்கு அதைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது உண்டு.

நண்பருக்கு நான் சொன்ன முடிவு இது. இரண்டாவது ஷிப்ட்டுக்குக் காத்திராமல், தொழிலாளர்களின் சம்மதத்தோடு இப்போதே இ.எஸ்.ஐ.யில் சேர்ந்துவிட வேண்டும். பதிவு முடிந்து முதல் பங்களிப்பு கட்டும்வரை பழைய பாலிசி ஒருநாள்கூட விட்டுப்போகக் கூடாது. அதற்குப் பிறகு, 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் இரண்டு செட்டர்களுக்கு மட்டும் மருத்துவச் செலவும் வட்டியும் சேர்ந்த பாலிசி எடுத்தால் பிரீமியம் இன்றையதில் சிறு பங்காகத்தான் வரும். மிச்சமாவதை அவர் ஆசைப்பட்டபடி வங்கியில் தனிக்கணக்காகவே வைக்கலாம். முதல் நாள் ஆம்புலன்ஸுக்கும் மருத்துவமனை முன்பணத்துக்கும், காப்பீட்டுப் பணம் வருமுன் வைப்புச் செய்ய வேண்டிய தொகையின் ஒரு பகுதிக்கும் அது உதவும். அந்தப் பணத்தின் முதல் செலவாக, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இறங்கும் அமைப்பைப் பழைய பிரஸ்ஸுக்குப் பொருத்தச் சொன்னேன். விலை விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.